விலையில்லா நூல்கள்: கொள்ளுவனவும் தள்ளுவனவும்

தமிழில் 'விலையில்லாதது' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. காசு கேளாமல் கிடைப்பதும் விலையில்லாததே. எவ்வளவு காசு கொடுத்தாலும் ஈடாகாததும் விலையில்லாததே. இணையத்தின் வழியே இன்று நம் கைக்கு வந்து சேரும் கிறித்தவ நூல்களுள் இரண்டாம் பொருளுக்கு உரியவை சில. முதற்பொருளோடு நின்றுவிடுபவை பல. இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் நம்மிடம் உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா.

இவ்வினா நகரத்தாரைவிட நம் பகுதியினருக்கே மிகுதியும் உரியது. கல்வராயன் மலையடிவாரத்துச் சங்கராபுரத்தில் சமய நூல் ஒன்று தேவைப்பட்டால், புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ திருச்சிக்கோ போகிறவரிடம் சொல்லியனுப்புவதே நெடுநாள் வழக்கம். மேல்நாரியப்பனூர் அந்தோனியார் திருவிழாவுக்குச் சென்று திரும்பும் குடும்பங்களின் கைகளில் ஒரு செபப் புத்தகம் இருக்கும். வீட்டு நூலகம் பெரும்பாலும் அவ்வளவே. 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அரசு அலுவலகங்கள் அருகே வந்தன, நூல்கள் வரவில்லை. ஆனால் கைப்பேசி வந்தது. மறைக்கல்வி ஆசிரியரும், ஞாயிறு வழிபாட்டை முன்னின்று நடத்தும் உபதேசியாரும், வேலைக்காக வெளியூர் சென்று தங்கியிருக்கும் மலையூர் இளைஞரும் அதிலேயே படிக்கிறார்கள். அவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்பது இனி நமக்குத் தொடர்பற்ற செய்தி அன்று. நாளைய மறையுரையும் மறைக்கல்வியும் குடும்பச் செபமும் அதிலிருந்தே உருவாகப் போகின்றன.

இலவசம் எங்கிருந்து வந்தது?

ஒரு நூல் விலையின்றிக் கிடைக்கும்போது, 'இது நல்ல நூலா?' என்று கேட்பதற்கு முன், 'இது ஏன் இலவசமாயிற்று?' என்று கேட்பது நலம். இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால், நூலைப் பற்றிய பாதிச் செய்தி தெரிந்துவிடும். நாம் காணும் இலவச நூல்களை மூன்று வகையில் அடக்கலாம். காலம் கடந்ததால் பொதுவுடைமையானவை ஒரு வகை. எழுதியவரோ பதிப்பித்தவரோ அரசோ மனமுவந்து கொடுத்தவை இரண்டாம் வகை. உரியவரைக் கேளாமலே எடுத்துப் பரப்பப்படுபவை மூன்றாம் வகை. முதல் வகையை அணுகும்போது வரலாற்று உணர்வு வேண்டும். இரண்டாம் வகையை அணுகும்போது கொடுத்தவரின் நோக்கம் என்னவென்று ஆராய வேண்டும். மூன்றாம் வகையை அணுகும்போது மனச்சான்றை விழிப்பாக வைத்திருக்க வேண்டும். மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதாலேயே பல குழப்பங்கள் எழுகின்றன.

காலம் அளித்த கொடை

முதல் வகையில் தமிழர் பெற்ற பேறு பெரிது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பாலும் மெய்ப்புத் திருத்தத்தாலும் வளர்ந்தது. சங்க நூல்களோடும் சைவ வைணவத் திருமுறைகளோடும் தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் அங்கே ஒரே கூரையின் கீழ் அமர்ந்திருக்கின்றன. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் அரசு நிறுவனமும், தன் மின்னூலகத்தில் கிறித்தவ இலக்கியத்துக்கு இடமளித்துள்ளது. இவ்வாறு கிறித்தவ நூல்கள் தமிழ் இலக்கியப் பொதுமன்றத்தில் இடம்பெற்றமை, அவை ஒரு சமயத்தாரின் அலமாரிக்குள் அடங்கிக் கிடப்பதினும் சிறப்பன்றோ?

மதுரைத் திட்டத்தின் நற்பண்பு ஒன்றை நம் வாசகர் கவனிக்க வேண்டும். யார் தட்டச்சு செய்தார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்பதை அது நூலின் முகப்பிலேயே கூறிவிடுகிறது. பொறுப்பேற்கும் ஒருவரின் பெயர் நூலில் இருக்கிறதா என்பதே நம் முதல் அளவுகோல். பெயரிருந்தால் பிழையிருந்தாலும் திருத்தலாம். பெயரில்லாத இடத்தில் பிழையை யாரிடம் முறையிடுவது?

இவ்வகை நூல்களுள் நம் மண்ணோடு நெருங்கியது தேம்பாவணி. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய இக்காப்பியம், மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. இதனை 1851 முதல் 1853 வரை மூன்று பாகங்களாக முதன்முதலில் அச்சேற்றியது புதுச்சேரி மறைபரப்பு அச்சகம். நம் மறைமாநிலத்தின் தலைநகரில் அன்று பெரும்பொருள் செலவிட்டு அச்சிட்ட ஒரு நூல், இன்று மலையடிவாரத்துச் சிறுவன் ஒருவனின் உள்ளங்கைக்குள் விலையின்றி வந்து நிற்கிறது.

வந்து நிற்பது மட்டும் போதுமா? தேம்பாவணியை எப்படிப் படிப்பது என்பதையும் அவனுக்கு யாரேனும் சொல்ல வேண்டும். புனித வளனாரைத் தலைவராகக் கொண்ட இக்காப்பியத்தில் நற்செய்தியாளர் கூறாத நிகழ்ச்சிகள் ஏராளம். அவற்றுள் பல, இசுபானியத் துறவி ஆகிரேதா மரியாளின் காட்சி நூலிலிருந்து முனிவர் எடுத்துக்கொண்டவை. அக்காட்சி நூல் 1681இல் உரோமையில் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டில் அத்தடை நிறுத்திவைக்கப்பட்ட வரலாறு உடையது. முனிவர் அதனைக் கம்பரும் திருத்தக்கதேவரும் வளர்த்த காப்பிய மரபுக்குள் கொண்டுவந்து கவிதையாக்கினார். கவிதையாகப் படிக்கும்போது அந்நிகழ்ச்சிகள் பக்தியை வளர்க்கின்றன. அதே நூலின் சுருக்கங்களை, தலையும் வாலும் வெட்டி, இறைவனே நேரில் உரைத்த வரலாறு எனச் சிலர் பரப்பும்போது அது வேறு பொருளாகிவிடுகிறது. ஒரே ஊற்று நீர்தான். ஒன்று தெளிந்த கலத்தில் வருகிறது, மற்றொன்று பெயரெழுதாத புட்டியில் வருகிறது. எனவே தேம்பாவணியைத் தேடும் வாசகர் உரையுடன் கூடிய பதிப்பைத் தேடுக; உரை கிடைக்காவிடில், தமிழாசிரியர் ஒருவரின் துணையோடு ஒரு படலத்தை மட்டுமேனும் முழுமையாகக் கற்க. 3615 பாடல்களையும் இறக்கி வைத்துக்கொண்டு ஒன்றையும் படிக்காதிருப்பதைவிட இது மேலானது.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரமும் இவ்வகையில் சேர்ந்ததே. தமிழின் முதல் புதினம் எனப் போற்றப்படும் அந்நூலை எழுதியவர் கத்தோலிக்கர் என்பதையே நம்மில் பலர் மறந்துவிட்டோம். அவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள், பிற சமயத்தாரோடு கூடிவாழும் நம் ஊர்களுக்கு இன்றும் ஏற்றவை. கிறித்தவ நூல் என்றால் செப நூல் மட்டுமே என்னும் குறுகிய எண்ணத்தை இவ்விரண்டும் மாற்றக்கூடும்.

பழமையின் எல்லை

எனினும் இலவசத்தின் இயல்பிலேயே ஒரு சாய்வு உண்டு. உரிமைக்காலம் முடிந்த நூல்களே தடையின்றி வெளிவருவதால், இணையத்தில் மிகுதியாகக் கிடைப்பவை பழைய நூல்கள். அதிலும் பழைய மொழிபெயர்ப்புகள். பழமை குற்றமன்று. ஆனால் பழைய நூலே முழுநூல், இறுதிநூல் என நம்புவது தவறு.

குழந்தை இயேசுவின் தெரேசாவின் தன்வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1898இல் வெளிவந்த முதற்பதிப்பு, அவருடைய தமக்கையாராகிய ஆக்னேசு அன்னையால் பெரிதும் திருத்தப்பட்டது. புனிதையின் கையெழுத்து மூலம் உள்ளவாறே உலகுக்குக் கிடைத்தது 1956இல்தான். ஆங்கிலத்தில் இலவசமாகப் பரவியிருப்பதோ 1912இல் டெய்லர் அடிகளார் செய்த மொழிபெயர்ப்பு. அதாவது திருத்தப்பட்ட வடிவத்தின் மொழிபெயர்ப்பு. அதைப் படித்தவர் தெரேசாவை அறியாதவர் ஆகார். ஆயினும் அவருடைய குரலைத் தமக்கையாரின் குரலோடு கலந்தே கேட்டவர் ஆவார். தமிழில் கிடைக்கும் எந்தப் புனிதர் வரலாற்றைப் பற்றியும் இக்கேள்வியைக் கேட்கலாம்: இது எந்த மூலத்திலிருந்து, எந்த ஆண்டில், எம்மொழி வழியாகத் தமிழாயிற்று?

1907 முதல் 1912 வரை அமெரிக்காவில் தொகுதிகளாக வெளிவந்த கத்தோலிக்கக் கலைக்களஞ்சியம் இன்று இணையத்தில் எவரும் படிக்கக் கிடைக்கிறது. தேதிகளுக்கும் புனிதர் பெயர்களுக்கும் பழைய சங்கங்களின் வரலாற்றுக்கும் அது ஓர் அரிய துணை. ஆனால் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதற்குத் தெரியாது. பிற சமயங்களைப் பற்றி 1965 அக்டோபரில் சங்கம் வெளியிட்ட அறிக்கையை, அரை நூற்றாண்டு முந்திய நூலில் எதிர்பார்க்க இயலுமா? அக்கலைக்களஞ்சியத்தை மட்டும் படித்துவிட்டு, பிற சமயத்தாரைப் பற்றித் திருச்சபை இன்று கற்பிப்பது இதுவே என ஒருவர் மேடையேறிப் பேசினால், பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு புதிய ஊருக்கு வழி சொன்னவர் ஆவார். பழைய கோட்பாட்டு நூல் ஒன்றைப் படிக்கும்போது, 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது இதனால் கட்டாயமாகிறது. 1995இல் தொடங்கிய வத்திக்கான் இணையதளத்தில் மறைக்கல்வி நூலும் சங்க ஏடுகளும் பல மொழிகளில் கட்டணமின்றிக் கிடைப்பதை, ஆங்கிலம் படிக்க வல்ல நம் இளைஞர் பயன்படுத்த வேண்டும்.

அயல் வீட்டு விளக்கு

இணையம் சபைப் பிரிவுகளின் சுவர்களை அறியாது. தேடினால் பிரிவினைச் சகோதரரின் நூல்களே முதலில் கண்ணில் படுகின்றன. ஏனெனில் இத்துறையில் அவர்கள் நம்மினும் முந்திக்கொண்டார்கள். 1993இல் அமெரிக்கப் பேராசிரியர் ஹாரி பிளாண்டிங்கா தொடங்கிய கிறித்தவச் செவ்வியல் மின்னூலகம் இதற்கு நற்சான்று. அகுஸ்தீனாரும் தாமஸ் கெம்பியாரும் அங்கே கால்வினோடும் வெஸ்லியோடும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றனர். இவ்விருந்தோம்பலை நாம் நன்றியுடன் ஏற்க வேண்டும். ஏற்கும்போது சிலவற்றைக் கவனிக்கவும் வேண்டும்.

நம் முன்னோர் 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' என்று போற்றிய நூல் நான்கு பகுதிகளை உடையது. அவற்றுள் ஒன்று நற்கருணை பற்றியது. கத்தோலிக்கர் அல்லாதார் வெளியிட்ட பழைய பதிப்புகள் சிலவற்றில் அப்பகுதி விடுபட்டிருக்கும். நூலைத் திறந்தவுடன் நான்கு பகுதிகளும் உள்ளனவா என எண்ணிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. திருமறை நூலுக்கும் இதே கணக்கு உண்டு: 66 நூல்கள் கொண்டது ஒரு மரபு, 73 நூல்கள் கொண்டது நம் மரபு. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரு நூல்கள் ஆகிய ஏழும் உள்ளனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். 1995இல் சபைகள் கூடி வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், விக்கிமூலம் உள்ளிட்ட இடங்களில் படிக்கக் கிடைக்கிறது. அதன் உருவாக்கத்தில் நம் அண்டை ஊராகிய திண்டிவனத்து நடுநிலையத்துக்கும் பங்குண்டு என்பது நமக்குப் பெருமை.

கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைக் கத்தோலிக்கர் படிக்கலாமா எனச் சிலர் தயங்குவர். 1894இல் வெளிவந்த அக்காப்பியம், 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ஜான் பனியனின் பயணக் கதையைத் தழுவியது. பனியனின் மூலநூலில் திருத்தந்தையை மூப்படைந்த அரக்கனாகக் காட்டும் ஓரிடம் உண்டு. நம் உள்ளம் அதை ஏற்காது. ஆனால் வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரை மறுத்துக் கடுமொழியில் நூல்கள் எழுதியவர்தாமே? இருபுறத்துக் கண்டன நூல்களும் இணையத்தில் மீண்டும் உயிர்பெறுகின்றன. அவற்றை வரலாறாகப் படிப்போர் அறிவு பெறுவர். படைக்கலமாக எடுப்போர் 1995இல் நாம் சேர்ந்து கட்டிய வீட்டை இடிப்பர். கிருஷ்ண பிள்ளையின் சிலுவைப் பாடுகளைப் படித்து உள்ளம் உருகுவதற்கு எந்தச் சபையின் அனுமதியும் தேவையில்லை என்பதே நம் கருத்து.

முகவரியற்ற ஓலைகள்

நம் கவலைக்கு உரியவை பழைய நூல்களோ பிரிவினைச் சகோதரரின் நூல்களோ அல்ல. ஆசிரியர் பெயரின்றி, பதிப்பகம் இன்றி, ஆண்டு இன்றி, வாட்ஸ்அப் வழியாகக் குடும்பம் குடும்பமாகச் சுற்றிவரும் சிறு கோப்புகளே. உலகம் முடியும் நாளைக் குறித்துக் கொடுப்பவை, இத்தனை முறை செபித்து இத்தனை பேருக்கு அனுப்பினால் கடன் தீரும் என்பவை, மருந்தை விட்டு எண்ணெயை மட்டும் நம்பச் சொல்பவை என இவை பலவாறாக உள்ளன. இங்கே ஏமாறுவது பணத்தில் அன்று. மருத்துவத்தை நிறுத்திவிட்ட ஒரு தாயின் உடல்நலமும், அச்சத்தால் உறக்கம் இழந்த ஒரு சிறுமியின் மனமும் இவற்றுக்கு விலையாகின்றன.

இத்தகைய கோப்புகள் சிலவற்றின் முகப்பில், தனிவெளிப்பாடுகளை வெளியிட இனித் திருச்சபையின் அனுமதி தேவையில்லை என 1966இல் திருத்தந்தை அறிவித்ததாக ஒரு குறிப்பு காணப்படும். உண்மை இதுதான்: அவ்வாண்டில் பழைய சட்டத்தின் தடைப்பிரிவுகள் நீக்கப்பட்டன. 1559 முதல் உரோமை பேணிவந்த தடைசெய்யப்பட்ட நூற்பட்டியலும் அதே ஆண்டில் சட்ட வலிமை இழந்தது. ஆனால் தடை நீங்கியது ஒப்புதல் ஆகுமா? வாயிற்காவலர் விலகினார் என்றால், உள்ளே வருவோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது என்பதே பொருள். திருமறை நூலுக்கும் மறைக்கல்வி நூல்களுக்கும் செபத் தொகுப்புகளுக்கும் உரிய தலைமையின் ஒப்புதல் வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலும் நிலைத்துள்ளது. காட்சிகள் பற்றிய செய்திகளை ஆராய்வதற்கு 2024 மே மாதத்தில் உரோமை புதிய நெறிமுறைகளையே வெளியிட்டிருக்கிறது. ஆதலால் முகப்பில் ஆயரின் அச்சு அனுமதி உள்ளதா, அனுமதி தந்தவர் பெயரும் ஆண்டும் உள்ளனவா எனப் பார்க்கும் பழக்கத்தை மறைக்கல்வி வகுப்பிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். அனுமதி என்பது நூலின் இலக்கியச் சிறப்புக்குச் சான்றன்று; அதில் நம்பிக்கைக்கு மாறானது இல்லை என்பதற்கு மட்டுமே சான்று. ஆனால் இருளில் நடப்போருக்கு அச்சிறு விளக்கும் உதவி அன்றோ?

உழைத்தவர் கூலி

மூன்றாம் வகையைப் பற்றி நாம் பேசத் தயங்குகிறோம். ஏனெனில் அதில் பக்தியுள்ளவர்களே மிகுதி. ஓர் அருள்பணியாளர் பல ஆண்டு உழைத்து எழுதிய மறையுரை நூலைச் சிறு பதிப்பகம் ஒன்று கடன் வாங்கி அச்சிடுகிறது. வெளிவந்த மறுவாரமே யாரோ ஒருவர் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் குழுக்களில் பரப்பிவிடுகிறார். நற்செய்தி இலவசமாகத்தானே பரவ வேண்டும் என்பது அவர் தரும் விளக்கம். நற்செய்தி இலவசம்தான், தாளும் மையும் அச்சுக்கோப்பவரின் உழைப்பும் இலவசம் அல்ல. வேலையாளுக்குரிய கூலியைப் பிடித்து வைக்கலாகாது எனத் திருமறை நூல் பல இடங்களில் எச்சரிப்பது எழுத்தாளருக்கும் அச்சகத்தாருக்கும் பொருந்தாதா?

இந்திய நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நிலைக்கிறது. 1981இல் மறைந்த கவிஞர் கண்ணதாசனின் இயேசு காவியம் நம் இல்லங்களில் விரும்பிப் படிக்கப்படுவது. அதன் உரிமைக்காலம் இன்னும் முடியவில்லை. அதை விலை கொடுத்து வாங்குவதே நேர்மை. தமிழ்நாடு அரசு, ஆசிரியரின் மரபினருக்குப் பரிவுத்தொகை தந்து நாட்டுடைமையாக்கிய நூல்களை எவரும் தயக்கமின்றிப் பெறலாம். கேட்டுப் பெறுதல் என்னும் வழியும் உண்டு. ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினால், பலர் மகிழ்ச்சியோடு இசைவளிப்பர். சிறு பதிப்பகங்கள் மூடப்பட்டால், 60 ஆண்டுகளுக்குப் பின் இலவசமாவதற்கும் தமிழில் புதிய கிறித்தவ நூல்கள் இரா. இன்றைய களவு நாளைய வறுமை.

இனிகோவின் இரு நூல்கள்

இவ்வளவு அளவுகோல்களும் நூலின் வெளிப்புறத்தை அளப்பவை. உட்புறத்தை அளப்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. 1521இல் பம்பலோனா கோட்டைப் போரில் காலில் குண்டடி பட்ட இனிகோ என்னும் வீரர், லொயோலாவில் தம் வீட்டில் படுத்திருந்தபோது வீரதீரக் கதைகளைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. இருந்தவை இரண்டே: சாக்சனி நாட்டு லுடோல்பு எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை, 'பிளோஸ் சாங்தோரும்' என்னும் புனிதர் வரலாறு. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். போர்க் கனவுகளில் மூழ்கும்போது இன்பமும் பின்னர் வறட்சியும், புனிதரைப் பற்றி எண்ணும்போது இன்பமும் பின்னரும் நீங்காத நிறைவும் தமக்கு உண்டாவதை அவர் நோக்கினார். அந்நோக்கிலிருந்தே பின்னாளில் இஞ்ஞாசியாரின் தேர்ந்து தெளிதல் பிறந்தது.

அதே பெயருடைய புனிதர் வரலாறு ஒன்றை, அவர் நிறுவிய சபையைச் சேர்ந்த அன்றிக்கு அடிகளார் 1586இல் தமிழில் அச்சேற்றினார். 1578இல் கொல்லத்தில் 16 பக்கத் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டு, இந்திய மொழி எழுத்தில் அச்சு நூலுக்கு வழிகாட்டியவரும் அவரே. முத்துக்குளித்துறை மக்களுக்கு அன்று இருந்த நூல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. லொயோலாவிலும் நூல் இரண்டே. முத்துக்குளித்துறையிலும் நூல் சிலவே. ஆயினும் அவை மனிதரை உருவாக்கின. நமக்கோ ஆயிரக்கணக்கில் உள்ளன. குறை எங்கே என்று கண்டுபிடிப்பது அரிதன்று.

எனவே ஒரு நூலைப் படித்து முடித்தபின் வாசகர் தம்மையே வினவ வேண்டியது இது: கோப்பை மூடிவைத்த மறுநாளும் என்னுள் எஞ்சியிருப்பது யாது? அச்சமா, பிறர்மேல் வெறுப்பா, நான் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்னும் செருக்கா? அல்லது அமைதியும், அடுத்த வீட்டாருக்கு உதவும் எண்ணமும், திருமறை நூலை மீண்டும் திறக்கும் ஆவலுமா? முதல் மூன்றும் எஞ்சினால், முகப்பில் எந்த அனுமதி இருந்தாலும் அந்நூல் அவருக்கு அவ்வேளையில் உதவாத நூல். பின்னவை எஞ்சினால், அதைப் பிறருக்கும் தருவது அறம்.

நம் பகுதி செய்யத்தக்கவை

கல்வராயன் மலையூர்கள் பலவற்றில் அலைபேசி இணைப்பு சீராகக் கிட்டுவதில்லை. பக்கங்களைப் படமெடுத்துச் சேர்த்த பெருங்கோப்பு அங்கே பாதியில் நின்றுவிடும்; எழுத்தாகத் தட்டச்சு செய்த கோப்பு சில நொடிகளில் இறங்கிவிடும். ஆதலால் அடிவாரத்துப் பங்கு ஒன்று, ஆண்டுக்குப் பத்து நூல்களை மட்டும் ஆய்ந்து தேர்ந்து, எழுத்துக் கோப்புகளாகச் சேர்த்து, மலைக்குச் செல்லும் உபதேசியாரின் கைப்பேசியில் ஏற்றி அனுப்பலாம். ஒவ்வொரு நூலுக்கும் எழுதியவர், ஆண்டு, மூலப்பதிப்பு, யாருக்கு ஏற்றது, எங்கே எச்சரிக்கை வேண்டும் என ஐந்து வரிக் குறிப்பு போதும். படிக்கத் தெரியாத முதியோர் உள்ள அன்பியங்களில் வாரம் ஒரு பக்கம் உரக்கப் படிக்கலாம். தமிழில் நூல்கள் நெடுங்காலம் செவிவழியே வாழ்ந்தவைதாமே!

கொள்வதோடு கொடுப்பதும் நம் கடன். பழைய பங்குகளின் பெட்டிகளில் பாஸ்கா நாடகக் கையேடுகளும் அம்மானைப் பாடல்களும் கரையானுக்கு இரையாகின்றன. அவை எந்த மின்னூலகத்திலும் இல்லாதவை. நம் ஊராரின் குரலாகவே எஞ்சியிருப்பவை. விடுமுறையில் வீடு திரும்பும் மாணவர் இருவர் அமர்ந்தால், ஒரு கையேட்டை ஒரு கோடையில் தட்டச்சு செய்துவிடலாம். பிறர் உழைப்பால் வந்த தேம்பாவணியை விலையின்றிப் பெற்றுக்கொண்ட நாம், விலையின்றித் தருவதற்கு நம்மிடமும் ஒன்று உண்டு. அப்பெட்டியைத் திறக்க வேண்டியவர் பங்கு மக்களே.